நன்மைக்கு நன்மையா?

1989ஆம் ஆண்டு ஏவி.எம். நிறுவனம் தயாரித்து எஸ்.பி. முத்துராமன் இயக்கிய 'ராஜா சின்ன ரோஜா' படத்தில், ரஜினிகாந்தும் குழந்தைகளும் காட்டுக்குள் சென்று சித்திர விலங்குகளோடு ஆடிப்பாடும் பாட்டொன்று உண்டு. கணினி கைகொடுக்காத காலம். விலங்கின் ஒவ்வோர் அசைவையும் தனித்தனியே தீட்டி நடிகரின் அசைவோடு பொருத்திய உழைப்பு அது. முள்ளிவாய்க்காலில் நம் வகுப்பு மாணவர்க்கு அண்மையில் அதைக் காட்டினோம்.

சக ஆசிரியர் ஒருவர் கடிந்துகொண்டார். பட்ட துயரை மறக்கச் செய்யும் மயக்கமருந்தை நீங்களே ஊட்டலாமா என்றார். நாம் அதை ஏற்கவில்லை. சித்திர விலங்கை மெய்யென்று நம்பி எக்குழந்தையும் ஏமாறுவதில்லை. கற்பனை தன்னைக் கற்பனையென்று ஒளியாமற் சொல்லிக்கொள்கிறது.

ஏமாற்று வேறிடத்தில் இருந்தது. நன்மை செய்தால் நன்மை விளையும், தீமை செய்தால் தீமை விளையும் என்று அப்பாட்டுப் போதிக்கிறது. பாட்டு முடிந்ததும் ஒரு மாணவி எழுந்தாள். 2009க்குப் பின் பிறந்தவள். தன் அக்காவை நிழற்படத்திலும் கண்டறியாதவள்.

"சேர், என்ர அக்காவுக்கு அப்ப நாலு வயசாம். அவ என்ன பிழை செய்தவ?"

நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட இம்மணற்பரப்பு, 2009இல் அரசே பாதுகாப்பு வலயமென அறிவித்த நிலம். அங்கு ஒதுங்கியவர்கள் மேலேயே எறிகணைகள் வீழ்ந்தன. நன்மைக்கு நன்மை என்னும் கணக்கை இங்கே நேர்மையாகப் போட்டுப் பார்த்தால், மாண்டோரெல்லாம் குற்றவாளிகள் ஆவர். தப்பிப் பிழைத்த நாம் நல்லவர்கள் ஆவோம். இதனினும் கொடிய பொய் உண்டோ?

சிலப்பதிகாரமும் இக்கணக்கைப் போடுகிறது. (தமிழாசிரியனுக்கு அங்கே போகாமல் இருக்க முடிவதில்லை.) முற்பிறப்பிற் பரதனாயிருந்த கோவலன் சங்கமன் என்னும் வணிகனைக் கொல்வித்த வினையே இப்பிறப்பிற் பற்றியது என்று மதுரைத் தெய்வம் விளக்குகிறது. அவ்விளக்கம் எப்போது வருகிறது? கண்ணகி சிலம்போடு அரசவை ஏறி, வழக்குரைத்து, வென்று, மதுரையை எரித்த பின்னர். அவள் முற்பிறப்பை விசாரிக்கவில்லை. அரியணையில் இருந்தவனை விசாரித்தாள்.

"அவ ஒரு பிழையும் செய்யேல்லை, பிள்ளை" என்றோம். "அப்ப ஆர் செய்தது?" என்றான் பின்வரிசையிலிருந்து ஒருவன். மணி அடித்தும் எவரும் எழவில்லை. தெரிந்ததைச் சொன்னோம், கூறத் தயங்கியவற்றையும் ஈற்றிற் சொன்னோம்.

பின்னர் அப்பாட்டை மறுபடியும் போடக் கேட்டனர். அவளும் கேட்டாள்.