உள்ளே இருக்கத் தேவையில்லாதவர்கள்

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் மையத்தில், யூனியன் ஸ்டேஷன் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில், ட்வின் டவர்ஸ் என்ற கட்டடம் இருக்கிறது. 1997-ல் திறக்கப்பட்ட கவுண்டி ஜெயில். மனநோய் உள்ள கைதிகளில் பெரும் பகுதியினரை அங்கேதான் வைக்கிறார்கள். கூடத்தில் ஸ்டீல் மேசைகள் தரையோடு பொருத்தப்பட்டிருக்கும். நோய் கடுமையாக உள்ளவர்கள் செல்லை விட்டு வெளியே வரும் நேரத்தில், அவர்களை அந்த மேசையோடு சேர்த்துக் கைவிலங்கிட்டு உட்காரவைப்பது அங்கே நெடுநாள் வழக்கம். எதிரே மருத்துவர் உட்கார்ந்து "ராத்திரி தூங்கினீங்களா? குரல் இன்னும் கேக்குதா?" என்று விசாரிக்க வேண்டும்.

இது வைத்தியமா தண்டனையா என்பதுதான் எனக்கு முதலில் தோன்றிய கேள்வி. யோசிக்க யோசிக்க அது அவ்வளவு கடினமான கேள்வியில்லை என்று பட்டது. இரண்டும்தான். என்னை விடாமல் பிடித்துக்கொண்டது வேறு ஒன்று. அந்த மருத்துவருக்கு மேலே ஒருவர் இருக்கிறார். ஜெயிலின் மனநல சேவை முழுவதையும் நடத்துபவர். ஆள் எடுப்பது, வார்டு பிரிப்பது, பட்ஜெட் கேட்பது, நீதிமன்றத்துக்குப் பதில் சொல்வது எல்லாம் அவர் பொறுப்பு. அவர் தன் வேலையை மிக நன்றாகச் செய்தால், அது நல்லதா கெட்டதா?

என்னய்யா கேள்வி இது, நோயாளியை நன்றாகக் கவனித்தால் நல்லதுதானே என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

கவுண்டி ஜெயில் என்பது ஆயுள் தண்டனைக் கைதிகள் இருக்கும் பெரிய சிறையல்ல. நம்மூர்க் கணக்கில், கிளைச்சிறைக்கும் மத்தியச் சிறையின் விசாரணைக் கைதிகள் பிரிவுக்கும் நெருக்கமானது. உள்ளே இருப்பவர்களில் பலர் குற்றவாளி என்று இன்னும் தீர்ப்பாகாதவர்கள். 2019-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டி ஜெயில்களில் சுமார் 17,000 பேர் இருந்தார்கள். அதில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மனநலப் பிரிவில் இருந்தவர்கள், அல்லது அதற்கான மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தவர்கள். அமெரிக்காவின் மிகப் பெரிய மனநல மருத்துவமனை எது என்று கேட்டால் லாஸ் ஏஞ்சல்ஸ், சிகாகோ, நியூயார்க் ஜெயில்களின் பெயர்களைத்தான் சொல்வார்கள். பேச்சுக்குச் சொல்வதுதான். ஆனாலும் அந்தப் பேச்சு ஏன் வந்தது என்று பார்க்க வேண்டும்.

1955-ல் அமெரிக்காவின் மாநில மனநல மருத்துவமனைகளில் ஏறத்தாழ 5,58,000 பேர் இருந்தார்கள். அவை பல இடங்களில் நரகம். மூடியதற்காக அழ வேண்டியதில்லை. 1963-ல் கென்னடி ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். பெரிய விடுதிகளுக்குப் பதிலாக ஊர்தோறும் மனநல மையங்கள் என்பது திட்டம். விடுதிகள் மூடப்பட்டன. மையங்கள் திட்டமிட்ட அளவுக்கு வரவேயில்லை. கலிஃபோர்னியா 1967-ல் ஒருவரை அவர் விருப்பமில்லாமல் மருத்துவமனையில் அடைப்பதைக் கடினமாக்கும் சட்டம் கொண்டுவந்தது. அதுவும் நல்ல எண்ணத்தோடுதான். அது நடைமுறைக்கு வந்த சில வருடங்களில், 1972-ல், மார்க் ஆப்ரம்சன் என்ற மனநல மருத்துவர், மனநோயின் நடத்தைகள் இப்போது குற்றமாக்கப்படுகின்றன என்று எழுதிவிட்டார். மருத்துவமனைக் கதவு மூடினால் ஜெயில் கதவு திறக்கும் என்று மொத்தத்தையும் ஒரு தண்ணீர்க் குழாய் போல விளக்குபவர்களும் உண்டு. எனக்கு அதில் முழு நம்பிக்கையில்லை. நடுவில் வாடகை ஏறியது, போதை மருந்து வந்தது, போதை வழக்குகளில் கைதுகள் பெருகின. ஆனால் தெருவில் கத்திக்கொண்டிருக்கும் ஒருவரை நடுராத்திரியில் எங்கே கொண்டுபோவது என்றால், போலீஸுக்கு நிச்சயமாகத் தெரிந்த, எப்போதும் திறந்திருக்கும் வாசல் ஜெயில்தான்.

இன்னொரு விசித்திரம். 1976-ல் எஸ்டெல் எதிர் கேம்பிள் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கைதியின் தீவிரமான மருத்துவத் தேவையைத் தெரிந்தே அலட்சியப்படுத்துவது அரசியலமைப்புக்கு எதிரான கொடூரம் என்றது. விளைவு? வைத்தியத்துக்கு அரசியலமைப்பு உரிமை இருப்பது கைதிக்கு. ட்வின் டவர்ஸிலிருந்து சில கிலோமீட்டரில் இருக்கும் ஸ்கிட் ரோ நடைபாதையில் கூடாரத்தில் படுத்திருப்பவருக்கு அப்படிப் பொதுவான உரிமை கிடையாது. கைது செய்தால் டாக்டர் பார்த்தே ஆகவேண்டும். விட்டுவிட்டால் அவர் பாடு.

இப்போது அந்தத் தலைமை நாற்காலிக்குத் திரும்பலாம். அதில் இருப்பவர் நல்லவர், திறமைசாலி என்றே வைத்துக்கொள்வோம். வார்டைச் சரிசெய்கிறார். நல்ல மருத்துவர்களைக் கொண்டுவருகிறார். மாத்திரை வேளைக்குக் கிடைக்கிறது. செய்தி பரவுகிறது. நீதிபதி நினைக்கிறார்: வெளியே விட்டால் எங்கே போவார், உள்ளேயாவது சிகிச்சை கிடைக்கும். மகனைச் சமாளிக்க முடியாத அம்மாவும் அதையே நினைக்கிறார். கவுண்டியின் நிதிக்குழு, மனநலத்துக்குத்தான் இவ்வளவு செலவு செய்கிறோமே என்கிறது. அவருடைய ஒவ்வொரு நல்ல செயலும் அந்தச் சுவரில் ஒரு செங்கல்.

என் தொழிலில் இதற்கு ஒரு சின்ன உதாரணம் உண்டு. முன்பு வேலை செய்த ஓர் இடத்தில், தினமும் இரவு தவறான கணக்குகளை உற்பத்தி செய்யும் ஒரு பழைய சிஸ்டம் இருந்தது. நான் ஒரு ஸ்க்ரிப்ட் எழுதினேன். ராத்திரி ரெண்டு மணிக்கு அது ஓடி எல்லாவற்றையும் திருத்திவிடும். நல்ல ஸ்க்ரிப்ட், பெருமையாக இருந்தது. மூன்று வருடம் அந்த சிஸ்டத்தை யாரும் தொடவில்லை. ஏன் தொட வேண்டும், காலையில் எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது? நான் அதை ஒரு வாரம் நிறுத்தியிருந்தால் உடனே மாற்றியிருப்பார்கள். ஆனால் உவமை இங்கேயே நொண்டுகிறது. ஒரு வாரம் நிறுத்தினால் அங்கே கெட்டுப்போவது எண்கள். ஜெயிலில் ஒரு வாரம் மருந்தை நிறுத்துவது யோசிக்கவே கூடாத விஷயம். பாடம் புகட்டுவதற்காக ஒரு நோயாளியைத் தவிக்கவிடும் உரிமை எந்த மருத்துவருக்கும் இல்லை.

ஆகவே நர்ஸுக்கு இந்தப் பிரச்சனை கிட்டத்தட்ட இல்லை என்பேன். எதிரே ஒரு மனிதர், அவருக்கு உதவி வேண்டும், அவ்வளவுதான். பிரச்சனை தலைமையில் இருப்பவருக்கு. அவர் நோயாளியை மட்டும் பார்ப்பவரல்ல, அமைப்பையும் கட்டுபவர். அதிலும் சாவி அவரிடம் இல்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் 2015-ல் ஜெயில் மருத்துவத்தை ஷெரிப்பின் பொறுப்பிலிருந்து எடுத்து கவுண்டி சுகாதாரத் துறைக்கு மாற்ற முடிவு செய்தார்கள். நல்ல மாற்றம். ஆனாலும் செல்லின் கதவைத் திறப்பது ஷெரிப்பின் ஆள்தான். மருத்துவர் தயார், நோயாளி தயார், அழைத்து வர டெபுடி இல்லையென்றால் அன்றைக்கு சிகிச்சை இல்லை. போதாததற்கு, குணப்படுத்துவதன் நோக்கமே சில சமயம் வேறாக இருக்கும். தன் மீதான வழக்கைப் புரிந்துகொள்ள முடியாத நிலையில் இருப்பவரை விசாரிக்கக் கூடாது. அதனால் முதலில் அவரைத் தேற்ற வேண்டும். தேறினால் கூண்டில் ஏற்றலாம். உங்கள் வைத்தியம் பலித்ததற்கு அடையாளம், நோயாளி தண்டனைக்குத் தயாராகிவிட்டார் என்பது!

2019-ல் இது வெறும் தத்துவமாக இல்லாமல் ஓட்டெடுப்புக்கே வந்தது. 1963-ல் திறக்கப்பட்ட மென்ஸ் சென்ட்ரல் ஜெயிலை இடித்துவிட்டு, கிட்டத்தட்ட 3,900 படுக்கைகளோடு மனநல சிகிச்சை மையம் ஒன்று கட்டலாம், சுகாதாரத் துறையே நடத்தட்டும் என்று கவுண்டியை ஆளும் மேற்பார்வையாளர் குழு பிப்ரவரியில் முடிவு செய்தது. பெயரில் ஜெயில் இல்லை. செயற்பாட்டாளர்கள் கொதித்தார்கள். உள்ளே இருப்பவர் வெளியேற முடியாதென்றால் அது ஜெயில்தான், பெயிண்ட் அடித்த ஜெயில் என்றார்கள். ஆகஸ்டில் அதே குழு ஒப்பந்தத்தை ரத்து செய்தது.

இதை முதலில் படித்தபோது நான் கைதட்டாத குறை. இன்றும் ரத்து செய்தது சரி என்றே நினைக்கிறேன். அவ்வளவு படுக்கைகள் கட்டினால் அவ்வளவையும் நிரப்புவார்கள். ஆனால் மையமும் வரவில்லை, பழைய ஜெயிலும் மூடப்படவில்லை. 2022 செப்டம்பரில் மனித உரிமை வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த மனு, கைதிகளை உள்ளே எடுக்கும் பிரிவில் மனநோய் உள்ளவர்கள் நாற்காலிகளோடு சங்கிலியிடப்பட்டு நாட்கணக்கில் கிடந்ததைச் சொன்னது. கொள்கையில் சரியாக இருந்ததற்கான விலையைக் கொள்கை பேசியவர்கள் கொடுக்கவில்லை. கைதட்ட இருந்த நானும் கொடுக்கவில்லை.

அப்படின்னா அந்த நாற்காலியில் இருப்பவர் என்னதான் செய்வது? ராஜினாமா செய்யலாம், கை சுத்தமாக இருக்கும். அடுத்து வருபவர் மோசமானவராக இருக்கலாம். எனக்குப் பிடித்த பதில் ஒன்று லாஸ் ஏஞ்சல்ஸிலேயே இருக்கிறது. எண்ணுவது. மனநலப் பிரிவில் இருப்பவர்களில் எத்தனை பேரை வெளியே, வீடும் சிகிச்சையும் கொடுத்து வைத்துக்கொள்ள முடியும் என்று கவுண்டியிலேயே கணக்கெடுத்தார்கள். பிறகு ராண்ட் நிறுவனம் செய்த ஆய்வு 2020 ஜனவரியில் வந்தது. 61 சதவீதம் பேர். இது வெறும் ஆசையில்லை. கவுண்டி 2015-ல் தொடங்கிய மாற்று வழி அலுவலகம் ஏற்கெனவே சிலரை ஜெயிலிலிருந்து வீடுகளுக்கு அனுப்பியிருந்தது. அவர்களில் முதல் சில குழுக்களைத் தொடர்ந்து பார்த்தபோது, ஒரு வருடம் கழித்து 74 சதவீதம் பேர் நிலையான இருப்பிடத்தில் இருந்தார்கள். 86 சதவீதம் பேர் மீது புதிதாகப் பெருங்குற்றத் தண்டனை எதுவும் இல்லை.

என் ஸ்க்ரிப்டில் நான் செய்த உண்மையான தவறு அதை ஓடவிட்டதல்ல. ஒவ்வொரு ராத்திரியும் எத்தனை தவறுகளைத் திருத்தினேன் என்று யாருக்கும் சொல்லாததுதான். அந்த நாற்காலிக்காரர் உள்ளே மருந்து கொடுக்கும் அதே கையால், "இவர் இங்கே இருக்கத் தேவையில்லை" என்று பெயர் பெயராக எழுதி நீதிபதிக்கும் நிதிக்குழுவுக்கும் அனுப்பலாம். மருத்துவர் எழுதும் அந்த வரிக்கு, பதாகை பிடிப்பவரின் குரலுக்கு இல்லாத ஒரு எடை உண்டு. அதை எழுதாதவரை, அவர் நடத்தும் நல்ல வார்டு கவுண்டிக்கு ஒரு நல்ல சாக்கு.

இப்படி ஒரு பதிலோடு சில நாள் நிம்மதியாக இருந்தேன். பிறகு மீதி 39 உறுத்த ஆரம்பித்தது. 61 பேர் இருக்கத் தேவையில்லை என்று அழுத்திச் சொல்லும் ஒவ்வொரு முறையும், 39 பேர் இருக்கலாம் என்றும் சொல்கிறோம். கடுமையான குற்றச்சாட்டோடு கடுமையான நோயும் உள்ளவர்கள் அவர்களில் இருப்பார்கள். யாரும் ஊர்வலம் போகாத ஆட்கள். கட்டடம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் அவர்கள் அதற்குள்தான் இருக்கப் போகிறார்கள்.

ட்வின் டவர்ஸில் இன்னொன்றும் நடக்கிறது. சில பிரிவுகளில், பயிற்சி பெற்ற கைதிகள் நோயுள்ள கைதிகளோடே குடியிருந்து அவர்களைப் பார்த்துக்கொள்கிறார்கள். குளிக்கச் சொல்வது, மாத்திரை எடுக்கவைப்பது, பேச்சுத் துணை. அந்தப் பிரிவுகளில் நோயாளிகள் அதே கூடத்தில் விலங்கில்லாமல் உட்காருகிறார்கள். இதற்குப் புதிய கட்டடம் வேண்டியதில்லை, 3,900 படுக்கையும் வேண்டியதில்லை. இன்னும் சில பிரிவுகளுக்கு விரிவாக்க ஆளும் கொஞ்சம் பணமும்தான் வேண்டும். அப்படி விரிவாக்கினால் ஜெயில் இன்னும் கொஞ்சம் மருத்துவமனை மாதிரி ஆகும், நீதிபதிக்கு இன்னும் கொஞ்சம் நிம்மதி வரும். அது தெரிந்தேதான் கேட்க வேண்டும். பட்ஜெட் மாதம் வரும்போது அவர் மேசையில் ஒரே ஒரு கோப்பு இருக்கும். முதல் பக்கத்தில், இத்தனை பேரை வெளியே அனுப்ப வீடுகளுக்குப் பணம் கொடுங்கள் என்று இருக்கும். அடுத்த பக்கத்தில், உள்ளே விலங்கு கழற்றும் பிரிவுகளைக் கூட்ட ஆள் கொடுங்கள் என்று இருக்கும். நிதிக்குழுவில் யாராவது ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ரெண்டுல எது வேணும்னு முடிவு பண்ணிட்டு வாங்க" என்பார்.