புலால் மறுத்தலும் பசி தீர்த்தலும்

உணவைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் உடல்நலத்தைப் பற்றியே எழுதுகின்றனர். எவ்வுணவு குருதிக் கொழுப்பைக் குறைக்கும், எவ்வுணவு ஆயுளை நீட்டிக்கும் என்னும் ஆராய்ச்சி மருத்துவர்க்கு உரியது. ஆசிரியப் பணியில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்துவிட்ட எனக்கு அதனினும் முற்பட்ட வினா ஒன்று உண்டு. புலால் உணவைத் துறக்கும் ஒருவன் எதற்காகத் துறக்கிறான்? குலப் பெருமைக்காகவா, நோன்பின் பயனுக்காகவா, உயிர்மீது கொண்ட இரக்கத்துக்காகவா? மூவர் இலையிலும் ஒரே பருப்பும் கீரையும் இருக்கலாம். ஆயினும் மூவர் நெஞ்சமும் ஒன்றல்ல.

தமிழர் தொன்றுதொட்டே மரக்கறி உணவினர் என்று மேடைகளில் சிலர் முழங்கக் கேட்டிருக்கிறோம். சங்க இலக்கியம் கற்றோர் இதனை ஏற்கமாட்டார். பொருநராற்றுப்படையில் கரிகால் வளவனின் விருந்தினனாக இருந்த பொருநன், நாள்தோறும் ஊன் தின்றதால் தன் பற்களே தேய்ந்துபோயின என்று மகிழ்ச்சியோடு உரைக்கிறான். புலவரும் புரவலரும் ஊனும் கள்ளும் உண்டு மகிழ்ந்த காட்சிகள் புறநானூற்றிலும் பல. ஆகவே, புலால் மறுத்தல் நமக்குப் பிறப்போடு வந்த சொத்தன்று. அறவோர் சிலர் சிந்தித்துக் கண்டறிந்து நம் கையில் தந்த விழுப்பொருள். சைவம் என்னும் சமயத்தின் பெயரையே அவ்வுணவுக்குச் சூட்டிவிட்டோம். ஆனால் அச்சமயம் போற்றும் அறுபத்து மூவருள், வேட்டையாடிய ஊனைக் காளத்தி நாதனுக்குப் படைத்த கண்ணப்பரும் ஒருவர் என்பதை மறந்துவிடுகிறோம். உண்ணும் உணவைக் கொண்டு பிறரை உயர்ந்தோர், தாழ்ந்தோர் எனப் பிரிப்பவர்க்குக் கண்ணப்பரே போதிய விடையாவார்.

திருவள்ளுவர் இப்பொருளை வைத்த இடம் நம் கருத்துக்கு உரியது. புலால் மறுத்தல் 26ஆம் அதிகாரம். இல்லறவியலில் விருந்தோம்பலை வைத்த அவர், இதனைத் துறவறவியலில், அருளுடைமையை அடுத்து வைத்தார். அன்பு வீட்டாரிடமும் சுற்றத்தாரிடமும் தொடங்குவது. அது தொடர்பில்லாத உயிர்கள்மீதும் விரியும்போது அருள் எனப் பெயர் பெறுகிறது. புலால் மறுத்தலை அவ்வருளின் முதற் செயலாக அவர் கண்டார் எனலாம். சாதியையோ தூய்மையையோ அவர் காரணமாகக் காட்டவில்லை. அவர் எடுத்துரைக்கும் காரணங்களுள் ஒன்று வாணிகத்தைப் பற்றியது. 'நான் கொல்லவில்லை, விற்பதை வாங்கி உண்கிறேன், அவ்வளவே' என்பாரை நோக்கி, வாங்குவார் இல்லையேல் விற்பாரும் இல்லை என்னும் உண்மையை அவர் நினைவூட்டுகிறார்.

இதன் பொருளை அறிய ஜொகூரில் வாழும் நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. கோழிக் கூடுகளை அடுக்கிய லாரிகள் கடற்பாலத்தை நோக்கி விரைவதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். 2022ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் அரசாங்கம் கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது, மாதந்தோறும் 36 இலட்சம் கோழிகள் வெளிநாடு சென்றுவந்த செய்தி வெளியாயிற்று. விலை ஏறுமா, தட்டுப்பாடு வருமா, சிங்கப்பூர்க் கடைகளில் கோழிச்சோறு கிடைக்குமா என்று நாளிதழ்கள் எழுதின. விலையைப் பற்றிக் கவலைப்படுவது ஏழைக் குடும்பத்தாருக்கு இயல்பே. அதனைக் குறைகூற மாட்டேன். ஆயினும் 36 இலட்சம் என்பது உயிர்களின் எண்ணிக்கை என்ற நினைவு அந்நாள்களில் யார்க்கும் எழுந்ததாகத் தெரியவில்லை. கண்ணில் படாத கொலை கருத்திலும் படுவதில்லை. இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடைய அக்குறளின் பொருள் எனக்கு முழுமையாக விளங்கியது அப்போதுதான்.

என் சொந்தப் பயணத்தை ஈண்டுச் சுருக்கமாகக் கூறுதல் பொருந்தும். நான் பிறந்தது ரப்பர்த் தோட்டத்தில். வெள்ளிக்கிழமையும் புரட்டாசிச் சனிக்கிழமையும் எங்கள் அடுப்பில் புலால் ஏறாது. தீபாவளிக்கு நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஓர் ஆட்டை வாங்கிக் கூறு போட்டுக்கொள்ளும். முனீஸ்வரர் திருவிழாவில் சேவல்கள் பலியாகும். இவையெல்லாம் முறையாக நடந்தன. ஏன் என்று கேட்பார் இல்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற காலத்தில்தான் ஒரு வினா என்னைத் தொடர்ந்தது. சனிக்கிழமை கொல்லத் தகாத கோழி, ஞாயிற்றுக்கிழமை கொல்லத் தக்கதாவது எங்ஙனம்? கோழி மாறவில்லை, நாட்காட்டியின் தாள்தான் மாறுகிறது. நோன்பு என் நாவை அடக்கியதே அன்றி, உயிரைப் பற்றிய சிந்தனையை என்னுள் எழுப்பவில்லை என உணர்ந்தேன்.

காந்தியடிகளின் வாழ்வில் இவ்வேறுபாடு தெளிவாக விளங்குகிறது. 1888இல் இலண்டன் சென்றபோது, அன்னைக்குக் கொடுத்த வாக்குக்காகவே அவர் புலாலைத் தவிர்த்தார். இந்தியர் யாவரும் ஒருநாள் புலால் உண்ண வேண்டும் என்பதே அப்போது அவர் விருப்பமாக இருந்தது. ஒரு மரக்கறி உணவகத்தில் ஹென்றி சால்ட் எழுதிய நூலை வாங்கிப் படித்த பின்னரே, வாக்குக்காகக் காத்த நெறியைத் தம் விருப்பத்தால் ஏற்றார். அன்னை தந்தது வேலி. அவ்வேலிக்குள் பயிர் வளர்ந்தது அவருடைய சிந்தனையால். கறவை மாடுகள் படும் கொடுமையை அறிந்து 1912இல் பாலையும் விட்டார். பின்னர் 1918இல் கடும் நோய்வாய்ப்பட்டபோது ஆட்டுப்பால் பருக இசைந்தார். நோன்பின் சொல்லைக் காத்து அதன் பொருளை இழந்ததாக அவரே எழுதி வருந்தினார். அறவழியில் நடப்பவர்க்கும் அவ்வழி நேர்க்கோடாக அமைவதில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ!

என் வழியும் படிப்படியாகவே அமைந்தது. முதலில் ஆட்டிறைச்சி, அடுத்துக் கோழி, இறுதியில் மீன். இவற்றுள் மீனை விடுதலே அரிதாயிற்று. நெத்திலி இல்லாத நாசி லெமாக்கும், பெலாச்சான் சேராத கங்கோங் கீரையும் இந்நாட்டில் கேட்டு வாங்க வேண்டியவை. சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் சீன அன்பர்கள் நாடும் மரக்கறிக் கடைகள் எனக்குப் பெருந்துணையாயின. தௌபும் தெம்பேயும் பருப்புக்கு உறவாகி என் உணவில் இடம்பெற்றன. அண்மை ஆண்டுகளில் பாலையும் குறைத்துக்கொண்டேன். கோயிலில் கையில் ஊற்றும் பாலை மட்டும் மறுப்பதில்லை. பாலையும் முற்றாக விடுவோர் பி12 என்னும் உயிர்ச்சத்தை வேறு வழியில் பெறவேண்டும் என்பதையும் மாணவர்க்குச் சொல்லிவிடுவதே ஆசிரியர் கடமை. அறத்தைப் பரப்புவதற்காக அறிவியலை மறைத்தல் ஆகாது.

இப்பயணத்தில் மூன்று தடைகளை எதிர்கொண்டேன். முதலாவது அறிவு எழுப்பியது. "ஐயா, கீரைக்கும் உயிர் உண்டுதானே?" என்று ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி கேட்டாள். நல்ல வினா. தொல்காப்பியர் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என்றே வகுத்தார். ஆயினும் உயிர்களுக்குள் அறிவின் படிநிலை உண்டென்பதும் அவர் வகுப்பே. கத்தியைக் கண்டு நடுங்கி ஓடும் உயிர்க்கும், கிள்ளக் கிள்ளத் தழைக்கும் கீரைக்கும் வேற்றுமை உண்டு. துன்பமே விளைவிக்காது வாழ்தல் மனிதர்க்கு இயலாது. குறைத்து வாழ்தல் இயலும். இயலாததைக் காட்டி இயல்வதைக் கைவிடுதல் அறிவுடைமை ஆகாது என்று அவளுக்குச் சொன்னேன்.

இரண்டாவது தடை உறவு எழுப்பியது. கோழிக்குழம்பு வைத்துக் காத்திருந்த என் தமக்கையார், நான் மறுத்தபோது, "கோழிக்குப் பாவம் பார்க்கிறாய் தம்பி, அக்காள் மனத்தைப் பார்க்கவில்லையே!" என்றார். அவ்வினாவுக்கு நூல்களில் விடை கிடைக்கவில்லை. நான் எழுந்து செல்லவுமில்லை, அறவுரை ஆற்றவுமில்லை. அதே பந்தியில் அமர்ந்து ரசமும் அப்பளமும் கேட்டு வாங்கி உண்டேன். ஓராண்டு கழித்து அவரே எனக்கெனத் தனிச் சட்டியில் கத்தரிக்காய்க் குழம்பு வைத்தார். கொள்கையில் உறுதி வேண்டும். ஆனால் அவ்வுறுதி பந்தியைப் பிரிக்கலாகாது.

மூன்றாவது தடையே மிகக் கடினமானது. ஆர்.எம்.டி. என்று நாம் சுருக்கி வழங்கும் துணை உணவுத் திட்டத்தின்கீழ், வறிய மாணவர்க்குப் பள்ளியில் உணவு தருகிறோம். ஒருநாள் ஒரு சிறுவன் கோழித்துண்டில் பாதியை உண்டு, மறுபாதியைத் தங்கைக்கெனத் தாளில் மடித்து வைத்ததைக் கண்டேன். புலால் மறுத்த தலைமையாசிரியன் அவனிடம் என்ன சொல்வது? கொல்லாமையைப் பற்றி அவனுக்கு அப்போது போதித்தால் அது அறமாகுமா? ஆகாது என்றே துணிந்தேன். அவன் தங்கைக்கு எடுத்து வைத்த அப்பாதி அன்பின் பங்கு. அன்பை நாணச் செய்துவிட்டு அருளை வளர்க்க முடியாது. அத்தங்கைக்கும் உணவு கிடைக்க வழி தேடுவதே அன்று என் கடமையாக இருந்தது.

இத்துணிவுக்கு எனக்கு வழிகாட்டியவர் வள்ளலார். புலால் மறுத்தோரை அக இனத்தார் என்றும் மறுக்காதோரைப் புற இனத்தார் என்றும் வகுத்தவர் அவர். கொல்லாமையில் அத்துணை உறுதி கொண்டவரே, புற இனத்தார்க்கும் பசியைத் தவிர்த்தல் வேண்டும் என்றார். பசியின் முன்னே தாம் வகுத்த வேலியையும் அவர் திறந்து வைத்தார். 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் வடலூரில் அவர் நிறுவிய சத்திய தருமச்சாலையில் ஏற்றிய அடுப்பு இன்றும் அணையாது எரிகிறது. அங்கு உண்ண வருவோரிடம் சாதியோ சமயமோ கேட்பதில்லை.

இவ்விரு அறங்களும் இணைந்தே நடக்கும் என்பதை மணிமேகலைக் காப்பியம் அவருக்கு நெடுங்காலம் முன்பே காட்டியது. வேள்விக்கெனக் கட்டிய பசுவை விடுவித்ததால் ஊரை விட்டு விரட்டப்பட்டவன் ஆபுத்திரன். பின்னர் அவன் மதுரையில் ஐயமேற்றுக் குருடர்க்கும் முடவர்க்கும் பசித்தோர்க்கும் ஊட்டினான். அமுதசுரபி என்னும் வற்றாத பாத்திரம் அவன் கைக்கு வந்தது. பசுவைக் காத்த கையே பசித்தோர்க்குச் சோறிட்டது. அவன் மறுபிறப்பில் சாவக நாட்டு அரசனானான் என்கிறார் சாத்தனார். அச்சாவகத்தை நம் அண்டைத் தீவாகிய ஜாவா என்பர் அறிஞர்.

எனவே புலால் மறுத்தோர், தாம் எதை உண்ணவில்லை என்று சொல்லிப் பெருமை கொள்வதில் பயனில்லை. தம் அருகில் யார் உண்ணாதிருக்கிறார் என்று பார்த்தல் வேண்டும். ஆட்டின்மீது இரங்கி அயலானை இகழ்பவன் பாதி வழியில் நின்றுவிட்டவன். மனிதனுக்கு இரங்கி விலங்கை மறந்தவனுக்கும் செல்லவேண்டிய வழி இன்னும் உண்டு. மாணவர்களே, உங்களை இன்றே புலாலை விடுமாறு நான் கட்டளையிடவில்லை. கட்டளையால் வருவது நோன்பாகலாம், அருளாகாது. ஒரு வாய் உண்ணுமுன் ஒரு நொடி எண்ணுங்கள்: இது எங்கிருந்து வந்தது? இது யாருக்குக் கிடைக்கவில்லை? இவ்விரு வினாக்களையும் விடாது கேட்டு வருவோரை அருள் தானே வழிநடத்தும்.