அடையாளம் காண்பதும் அடையாளம் காட்டுவதும்

கணினியில் ஆடும் வியூக விளையாட்டுகளில் ஒருவகை, ஆட்டம் முடிந்த பிறகும் முடிவதில்லை. ‘குருசேடர் கிங்ஸ்’ போன்ற விளையாட்டில் ஒருவர் ஓர் அரச குடும்பத்தை எடுத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாக ஆள்கிறார். பெண் கொடுத்துப் பெண் எடுக்கிறார், படையெடுக்கிறார், வாரிசுச் சண்டையில் நாட்டை இழக்கிறார். பிறகு நடந்ததையெல்லாம் அத்தியாயம் அத்தியாயமாகக் கதையாக எழுதுகிறார். 2014இல் அந்த விளையாட்டின் இரண்டாம் பாகத்தில் இந்தியா சேர்க்கப்பட்டதிலிருந்து சோழராகவும் ஆடலாம், சோழர் கதையையும் எழுதலாம். இப்படிக் கதை எழுதுவோர் வட்டங்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. எழுதியவரைப் பாராட்டுவதோடு நிறுத்திக்கொள்ளாமல், விடாமல் வாசித்து, கேள்வி கேட்டு, அடுத்த அத்தியாயத்துக்குக் காத்திருக்கும் வாசகரையும் தேர்ந்தெடுத்துப் பெயர் சொல்லிக் கௌரவிக்கிறார்கள்.

இதைக் கேள்விப்பட்டபோது எனக்கு மகிழ்ச்சியும் சந்தேகமும் சேர்ந்தே வந்தன. வாசிப்பு ஓர் உழைப்பு என்று யாரோ ஒப்புக்கொண்டதில் மகிழ்ச்சி. யாருடைய வாசிப்பு கண்ணில் படுகிறது, யாருடையது படுவதே இல்லை என்பதில் சந்தேகம்.

வாசிப்பவருக்கு எதற்குப் பாராட்டு என்று கேட்பவர்கள் உண்டு. படித்த இன்பமே அவருக்குக் கிடைத்த கூலி, அதற்கு மேல் யாரும் யாருக்கும் கடன்பட்டிருக்கவில்லை என்பது அவர்கள் வாதம். முழுதாக எழுதி, அச்சிட்டு, கடையில் வைத்த நூலுக்கு இது ஓரளவு பொருந்தலாம். தொடர்கதைக்குப் பொருந்தாது. தொடர்கதை பாதியில் நிற்கும் பொருள். மறுவாரம் அது வர வேண்டுமென்றால் யாரோ ஒருவர் அதற்காகக் காத்திருக்க வேண்டும். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை மூன்றரை ஆண்டுகள் வாரந்தோறும் வந்தது. அத்தனை வாரங்கள் அந்தக் கதையைத் தாங்கியதில் எழுதியவரின் கைக்கும், வரைந்த மணியத்தின் கைக்கும் பங்குண்டு. காத்திருந்தவர்களின் பொறுமைக்கும் பங்குண்டு.

கல்கி இதை அறிந்திருந்தார். நாவலின் முடிவுரையில், கதை முடிந்த விதத்தில் நிறைவடையாத வாசகர்களுக்கு அவர் பதில் சொல்கிறார். இன்னின்ன பாத்திரங்கள் பிறகு என்ன ஆனார்கள் என்ற கேள்விகளை எடுத்துவைத்து ஒவ்வொன்றாக விடையளிக்கிறார். தமிழில் வாசகருக்குத் தரப்பட்ட பெரிய மரியாதைகளில் ஒன்றாக இதை நான் எண்ணுகிறேன். அங்கே பரிசில்லை, பட்டமில்லை. உன் கேள்வி என் பிரதிக்குள் இடம்பெறத் தகுந்தது என்ற ஒப்புதல் இருக்கிறது.

ஆனால் அந்தக் கேள்விகளைக் கேட்டவர்கள் யார்? ஆசிரியருக்கு எட்டும் தூரத்தில் இருந்தவர்கள், அல்லது கடிதம் எழுதத் தெரிந்தவர்கள். தபால் அட்டை வாங்கக் கையில் காசும், எழுதி அனுப்ப வீட்டில் அனுமதியும் இருந்தவர்கள். மற்றவர்களின் கேள்விகள் எங்கே போயின?

பூதலூரில் என் பெரியம்மா வீட்டில் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து தடித்த கட்டுகளாக இருந்தது. பின்னாளில் மறுபடி தொடராக வந்தபோது வாராவாரம் பக்கங்களைப் பிரித்தெடுத்து, வரிசைப்படுத்தி, கோணி ஊசியால் சணல் கோத்துத் தைத்து, காக்கித்தாள் அட்டை போட்டவர் பெரியம்மா. இடையில் ஒரு வாரம் தவறிப்போனால் தெரிந்த வீடுகளில் இரவல் வாங்கி, அந்த அத்தியாயத்தை நோட்டுத்தாளில் கையாலேயே எழுதிச் சேர்த்திருந்தார். அட்டையின் மேல் எழுதியிருந்த பெயர் பெரியப்பாவுடையது. பத்திரிகைச் சந்தாவும் அவர் பெயரில்தான். பெரியப்பா அந்தக் கதையில் ஓர் அத்தியாயமும் படித்ததில்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இதில் குறையிருப்பதாக யாருக்கும், பெரியம்மாவுக்கும்கூட, தோன்றியதில்லை.

அந்த ஊரில் வாசிப்பு ஒருவரோடு நிற்கவில்லை. கல்லணைக் கால்வாயில் தண்ணீர் வந்து நடவு தொடங்கிவிட்டால் பகலில் யாருக்கும் நேரமிருக்காது. நடவு ஓய்ந்த நாட்களின் மாலையில் பெரியம்மா திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். அக்கம்பக்கத்துப் பெண்கள் திண்ணையில் இருப்பார்கள். நடவுக்கு வந்த சேரிப் பெண்கள் திண்ணைக்குக் கீழே, வாசலுக்கு அந்தப் பக்கம் நிற்பார்கள். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று அவர்களும்தான் வாதாடினார்கள். நந்தினி பக்கம் நியாயம் இருக்கிறது என்று முதலில் சொன்னது வாசலுக்கு அந்தப் பக்கம் நின்ற குரல்தான் என்று பெரியம்மா பின்னாளில் சொல்வார். யார் குரல் என்று கேட்டால் பெயர் சொல்லத் தெரியாது. கதையை ஒரே நேரத்தில் கேட்டவர்களுக்குள்ளும் திண்ணையின் உயரம் இருந்தது. வாசகியை அங்கீகரிப்பது பற்றிப் பேசும்போது அந்த உயரத்தைப் பேசாமல் விட்டால், பெண்களுக்குள் ஒருத்திக்கு மட்டும் மாலை போட்டுவிட்டு வருகிறோம் என்றுதான் பொருள்.

இலக்கிய வரலாறு நமக்கு விட்டுச்சென்ற பெயர்களைப் பாருங்கள். கம்பரைப் புரந்த சடையப்ப வள்ளலின் பெயர் காவியத்துக்குள்ளேயே நிற்கிறது. பாட்டைக் கேட்டவர்களின் பெயர் இல்லை. ஓலைச்சுவடிகளின் இறுதியில் பிரதி செய்தவர் பெயரும், ஏடு யாருக்குச் சொந்தம் என்பதும் பல இடங்களில் உண்டு. அச்சு வந்த பிறகு, நூல் வெளிவருவதற்கு முன்பே பணம் தர ஒப்புக்கொள்பவர்களிடம் கையொப்பம் வாங்கும் வழக்கம் இருந்தது. கும்பகோணம் கல்லூரியில் பணியாற்றியபடி 1887இல் ‘சீவக சிந்தாமணி’யைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையரும் அந்த வழியில்தான் செலவைச் சமாளித்தார். கையொப்பமிட்டவர் படித்தாரா என்று யாரும் கேட்கவில்லை. பொருள் கொடுத்தவர், பிரதி செய்தவர், உடைமையாளர் ஆகியோர் பெயர் பெற்றார்கள். காது கொடுத்தவர் பெறவில்லை. பெண்ணுக்குக் கையில் பொருளும் இல்லை, கையொப்பமும் இல்லை. காது மட்டும் இருந்தது.

காது கொடுப்பது திறமை என்பதைத் தமிழ் மரபு அறியாமல் இல்லை. ‘நன்னூல்’ பாயிரத்தில் பவணந்தி முனிவர் மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி என்று தொடங்கி எருமை, நெய்யரி வரை தரம் பிரிக்கிறார். பசு கிடைத்த இடத்தில் வயிறார மேய்ந்துவிட்டு, பிறகு ஓரிடத்தில் படுத்து அசைபோடும். முதல் தரக் கேட்பவருக்கு அதை உவமையாகச் சொல்வதை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் எனக்கு நாற்றங்கால் நினைவு வரும். கேட்ட அத்தியாயத்தை மறுநாள் சேற்றில் நின்று, நாற்றுமுடியை அவிழ்த்தபடி, தன் சொல்லில் பக்கத்து வரிசைக்காரிக்குச் சொன்னவளைவிட நன்றாக அசைபோட்டவர் யார்? பவணந்தியின் மாணாக்கர் வரிசையில் அவளுக்கு இடமில்லை. ஆனால் அவர் வைத்த அளவுகோல் அவளுக்குத்தான் பொருந்துகிறது.

கேட்பவள் எந்த அளவுக்குப் படைப்பின் பங்காளியாக முடியும் என்பதற்கு நம்மிடம் ஒரு சான்று உண்டு. வை.மு. கோதைநாயகி (1901–1960) எழுதத் தொடங்கியபோது அவருக்கு எழுத்துப் பயிற்சி போதவில்லை. அவருடைய முதல் படைப்பான ‘இந்திர மோகனா’ நாடகத்தை அவர் சொல்லச் சொல்ல எழுதியவர் தோழி பட்டம்மாள். 1925இல் ‘ஜகன்மோகினி’ இதழை ஏற்றுப் பல்லாண்டுகள் நடத்தி, நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதிய ஒருவரின் தொடக்கத்தில் ஒரு தோழியின் காதும் கையும் இருக்கின்றன. பட்டம்மாளின் பெயர் நமக்குத் தெரிவது தற்செயல். கோதைநாயகி சொல்லி வைத்ததால் தெரிகிறது. சொல்லாமல் விட்டிருந்தால் ‘எழுதினார்’ என்ற ஒரு வினைமுற்றுக்குள் அவர் கரைந்திருப்பார்.

இதுவரை சொன்னதிலிருந்து, எல்லா வாசகிகளின் பெயரையும் எடுத்து வெளியே வைப்பதுதான் நியாயம் என்று முடிவுகட்டத் தோன்றும். அங்கேதான் தயங்க வேண்டியிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாவல் படிக்கும் பெண்கள் கெட்டுப்போவார்கள் என்று கட்டுரை கட்டுரையாக எழுதினார்கள். அந்தக் காலத்து நாவல் வாசிப்பையும் அதன் மீது எழுந்த கண்டனத்தையும் ஆ. இரா. வேங்கடாசலபதி ‘நாவலும் வாசிப்பும்’ நூலில் ஆராய்ந்திருக்கிறார். அந்தச் சூழலில் ஒளித்துப் படித்தவளின் பெயரை மேடையில் சொல்லிப் பாராட்டினால் அது அவளைக் காட்டிக்கொடுப்பதாக முடியும்.

அந்தக் காலம் போய்விட்டதா? பூதலூரிலிருந்து ரயிலேறிக் கல்லூரிக்கு வரும் மாணவி ஒருத்தி, நான் முதலில் சொன்ன விளையாட்டுக் கதைகளை மூன்று ஆண்டுகளாக வாசிக்கிறாள். ஆணா பெண்ணா என்று தெரியாத ஒரு புனைபெயரில் கேள்வி கேட்கிறாள். கதையில் மணம்செய்து கொடுக்கப்பட்ட இளவரசிகள் அதன்பின் ஒரு வரியில்கூட வருவதில்லையே என்று அவள் கேட்ட பிறகு, எழுதியவர் ஓர் அத்தியாயத்தை இளவரசியின் பார்வையில் எழுதினாராம். சிறந்த வாசகராக அவளைத் தேர்ந்தெடுத்து, தன்னைப் பற்றிச் சில வரிகளும் ஒரு படமும் கேட்டபோது அவள் பதில் அனுப்பவில்லை. “படம் போட்டா, மேடம், அப்புறம் கதையைப் பத்தி யாரும் எங்கிட்ட பேச மாட்டாங்க” என்றாள். தங்கள் ஆட்டத்துக்குள் ஒரு பெண் இருக்கிறாள் என்று தெரிந்ததும் பேச்சு எந்தப் பக்கம் திரும்பும் என்பது அவளுக்கு அனுபவத்தில் தெரியும்.

தமிழில் அடையாளம் காண்பது என்று ஒன்று இருக்கிறது, அடையாளம் காட்டுவது என்று ஒன்று இருக்கிறது. முன்னது எனக்கும் அவளுக்கும் இடையில் நிகழ்வது. நீ செய்ததை நான் பார்த்தேன், அது என்னை மாற்றியது என்று ஒப்புக்கொள்வது. பின்னது மூன்றாமவருக்காக நிகழ்வது. இதோ இவள்தான் என்று விரல் நீட்டுவது. அங்கீகாரம் பற்றிய நம் பேச்சு இந்த இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிவிடுகிறது. பெயர் வெளியே வராத மரியாதை மரியாதையே இல்லை என்று எண்ணுகிறோம். காலமெல்லாம் பெயர் மறுக்கப்பட்டவர்களுக்குப் பெயர் வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. ஆனால் பெயரைத் தருவதா வேண்டாமா என்ற முடிவு அவளுடையதாக இருக்கும்வரைதான் அது மரியாதை.

எண்ணிக்கையிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. அதிகம் பேசியவரே சிறந்த வாசகர் என்றால், பேச நேரம் உள்ளவரே சிறந்த வாசகர் என்றாகிவிடும். சமையலுக்கும் குழந்தைக்கும் நடுவில் இரவு பதினொரு மணிக்கு ஓர் அத்தியாயம் படித்துவிட்டு விளக்கணைப்பவளுக்கு மறுமொழி எழுத நேரமில்லை. அவள் மௌனத்தை ஆர்வமின்மை என்று படிப்பவருக்கு வாசிக்கத் தெரியவில்லை.

அப்படியானால் எழுதுகிறவர் என்னதான் செய்வது? கேள்வி வந்தால் அதைப் பிரதிக்குள் எடுத்துப் பதில் சொல்லலாம். அந்த மாணவிக்குக் கிடைத்த உண்மையான கௌரவம் இளவரசியின் அத்தியாயம்தான். தேர்வு அறிவிப்பு அதற்குப் பிறகு வந்த சடங்கு. கேள்வி வராத திசையில் யார் நிற்கிறார்கள் என்று தேடிப் போகலாம், திண்ணைக்குக் கீழே இறங்கிக் கேட்கலாம். நன்றி சொல்லும் பக்கத்தில் பெயர் போடுவதற்கு முன் அனுமதி கேட்கலாம். வேண்டாம் என்றால் பெயரில்லாமலே நன்றி சொல்லலாம். கவிதை எழுதுகிற எனக்கு இவை அறிவுரையைவிடக் கடன்களாகவே தெரிகின்றன.

வாசகியை அங்கீகரிக்க முதலில் வேண்டியது அவள் வாசிப்பதைத் தொந்தரவு செய்யாமல் இருப்பது. அதற்கு ஒரு விளக்கும், ஒரு மணி நேரமும், கேள்வி கேட்டால் கேலி செய்யாத ஒரு சூழலும் போதும். இவற்றைத் தராத வீடும் வட்டமும் அவளுக்குச் சூட்டும் பட்டம் எதுவானாலும், அட்டையில் பெரியப்பாவின் பெயரைத் திரும்ப எழுதுவதுதான்.