பைத்தியக்காரர் என்னும் பெயர்

கொரிந்து சபைக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில், அப்போஸ்தலராகிய பவுல் தம்மையும் தம் உடன் ஊழியரையும் கிறிஸ்துவின் பொருட்டுப் பைத்தியக்காரர் என்று அழைத்துக்கொள்கிறார். அதே மூச்சில் அச்சபையாரைப் புத்திசாலிகள், பலவான்கள் என்கிறார். அது புகழ்ச்சியன்று, தகப்பன் தன் பிள்ளைகளைத் திருத்துவதற்காகச் செய்யும் கசப்பான பரிகாசம். அதன் கூர்மை விளங்க வேண்டுமானால், கொரிந்து எத்தகைய பட்டணம் என்பதை அறிதல் நலம்.

கி.மு. 146இல் ரோமரால் அழிக்கப்பட்ட அப்பட்டணம், கி.மு. 44இல் ஜூலியஸ் சீசரால் ரோமக் குடியேற்றமாக மீண்டும் எழுப்பப்பட்டது. குடியேறியவர்களில் பலர் விடுதலை பெற்ற அடிமைகள். குலப்பெருமை இல்லாத அவர்கள் செல்வத்தாலும் செல்வாக்காலும் மேன்மை தேடினார்கள். இருபுறமும் துறைமுகம் இருந்ததால் வணிகம் கொழித்தது. நாவன்மை மிக்க போதகருக்குச் செல்வர் வீட்டு ஆதரவும் கிட்டும். பவுலோ ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதியரோடு அமர்ந்து கூடாரத் தொழில் செய்தார். சபையாரிடம் ஆதரவு பெறும் உரிமை தமக்கு உண்டென்று அவரே வாதிடுகிறார். ஆயினும் அதைப் பயன்படுத்தவில்லை. கைத்தொழிலை இழிவாக எண்ணிய மேன்மக்களுக்கு இது விளங்காத செயல். போதகர் ஒருவர் கூலியாள்போல் உழைப்பதா?

அவர் போதித்த செய்தியோ அதனினும் விளங்காதது. சிலுவை அடிமைகளுக்கும் கலகக்காரருக்கும் உரிய தண்டனை. அச்சொல்லே ரோமக் குடிமகனின் செவிக்கு எட்டக்கூடாது என்று சிசரோ கி.மு. 63இல் வாதிட்டார். அத்தகைய மரத்தில் மரித்தவரே உலகின் ஆண்டவர் என்றால், நாகரிகம் உள்ளவன் நகைக்காமல் என்ன செய்வான்? ரோமாபுரியின் பாலத்தீன் குன்றில் 1857இல் கண்டெடுக்கப்பட்ட சுவர்க் கிறுக்கல் ஒன்று அந்த நகைப்பை இன்றும் காட்டுகிறது. கழுதைத் தலையுடைய மனிதன் சிலுவையில் தொங்குகிறான். அருகே ஒருவன் கையுயர்த்தி நிற்கிறான். அலெக்சாமெனோஸ் தன் தெய்வத்தை வணங்குகிறான் என்று கிரேக்கத்தில் எழுதியிருக்கிறது. அடுத்த அறையின் சுவரில், அலெக்சாமெனோஸ் விசுவாசமுள்ளவன் என்று லத்தீனில் இரண்டே சொற்கள். எழுதியவர் யாரோ.

பிற்காலத்தில் சிலர் பவுலின் சொல்லை எழுத்தின்படியே எடுத்துக்கொண்டு பித்தராய்த் திரிந்தார்கள். ஆறாம் நூற்றாண்டில் எமேசாவின் சிமியோன் அப்படி வாழ்ந்தார். பதினாறாம் நூற்றாண்டில் மாஸ்கோவின் பசில் கடுங்குளிரிலும் ஆடையின்றி நடந்தார்; செஞ்சதுக்கத்தின் பேராலயம் மக்கள் நாவில் அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. அவர்களுடைய துறவை யாரும் குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆயினும் பவுல் கொரிந்தியரிடம் கேட்டது வேடமன்று. அறிவைத் துறக்கவும் அவர் சொல்லவில்லை. அந்த நிருபமே நுட்பமான அறிவின் விளைவு. விநோதமாய் நடப்பதும் எளிது, பெயரும் தரும். அவர் கேட்டது பெயர் தராதது.

சபையார் ஒருவர்மேல் ஒருவர் வழக்குத் தொடுத்திருந்தார்கள். அநியாயத்தைப் பொறுத்துக்கொண்டால் என்ன, நஷ்டப்பட்டால் என்ன என்று ஆறாம் அதிகாரத்தில் பவுல் வினவுகிறார். வெல்லக்கூடிய வழக்கைக் கைவிடுகிறவனை ஊரார் புத்திசாலி என்பார்களா? அதைவிடக் கடினமான இடம் பதினோராம் அதிகாரம். கர்த்தருடைய பந்திக்குக் கூடிவந்தபோது ஒருவன் பசியாயிருக்க, ஒருவன் வெறிகொண்டிருந்தான். ஓய்வுள்ள செல்வர் முன்னதாகவே வந்து உண்டு முடித்தார்கள் என்றும், உழைப்பாளிகளும் அடிமைகளும் வேலை முடிந்து வரும்போது எதுவும் எஞ்சவில்லை என்றும் வேத அறிஞர் பலர் கருதுகின்றனர். சிலுவையை வாயால் அறிக்கையிட்டவர்கள், பந்தியில் மட்டும் ஊரின் ஞானத்தையே கைக்கொண்டார்கள்.

இதற்குப் பவுல் சொன்ன பரிகாரம் மிகச் சிறியது: ஒருவருக்காக ஒருவர் காத்திருக்க வேண்டும். வீட்டுத் தலைவன் ஒருவன், உணவு ஆறிக்கொண்டிருக்க, விருந்தினரையும் பசியோடு அமர்த்திவிட்டு, துறைமுகத்தில் சுமை தூக்கிவிட்டு வரும் அடிமை ஒருவனுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தால், கொரிந்து பட்டணத்தில் அவனுக்கு என்ன பெயர் கிடைத்திருக்கும்!