கூடை இல்லாத நடை

ஹட்டன் பக்கத்து றொசல்லையில் ஒருவர் சும்மா நடந்து போகிறார் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். "எங்க கெளம்பிட்டீங்க?" என்று கேட்டால் ஹட்டன் டவுன், ஆஸ்பத்திரி, கோயில், கல்யாண வீடு என்று ஏதாவதொரு பதில் கையில் இருக்க வேண்டும். "பிள்ளைகளுக்குக் காட்டைக் காட்டப் போறோம்" என்றால், கேட்டவர் முதலில் நம் கையைத்தான் பார்ப்பார், கத்தியும் கயிறும் இருக்கிறதா என்று. விறகுக்கு அல்லாமல் காட்டுக்கு யார் போவார்?

இந்தச் சந்தேகத்துக்கு வயது அதிகம். கோப்பிக் காலத்தில் ஆள் கட்டி வந்தபோது, நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். கொலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஆயிரக்கணக்கில். 1884இல் ஹட்டனுக்கு ரயில் வந்தது. தோட்டத்து நடை மட்டும் குறையவில்லை. விடிந்ததும் பேர் பதியப் பிரட்டுக்கு, அங்கிருந்து மலைக்கு, கொழுந்தோடு நிறுவைக்கு, பின்னேரம் தண்ணீருக்குப் பீலிக்கு. ஒவ்வொரு நடைக்கும் முடிவில் ஒரு எடை, ஒரு கணக்கு, அல்லது ஒரு குடம்.

அந்தக் கால்கள் போட்ட பாதைகளில் இப்போது வெளிநாட்டார் முதுகுப்பையோடு நடக்கிறார்கள். கண்டிப் பக்கத்தில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் 'பீக்கோ ட்ரெயில்' 300 கிலோமீற்றருக்கும் மேல். 22 பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். நல்ல காரியம்தான். அவர்களைப் பார்த்துக் கையசைக்கும் நம் பிள்ளைகள் அதே பாதையில் ஒருநாளும் பொழுதுபோக்காக நடந்ததில்லை என்பதுதான் உறுத்துகிறது.

நடந்து நடந்து தேய்ந்த குடும்பத்துக்கு இன்னொரு நடை எதற்கு? கேள்வி நியாயமானது. ஞாயிற்றுக்கிழமை என்றால் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போகலாம். காலையைக் காட்டில் கழித்தால் அந்தக் காசு போச்சு. அதைக் கணக்கில் எடுக்காமல் 'இயற்கையை ரசியுங்கள்' என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆகையால் நான் பேசுவது வீட்டுக்குப் பக்கத்திலேயே, பத்து மணிக்குள் முடிந்துவிடும் ஒரு நடையைப் பற்றி.

இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் மலை உச்சியிலும் ஓடைக் கரையிலும் காட்டுத் துண்டுகள் மிஞ்சியிருக்கின்றன. தேயிலை நட முடியாத சரிவென்று விட்டவையும் உண்டு, தண்ணீருக்காக விட்டு வைத்தவையும் உண்டு. பக்கத்து வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றர் மழை கொட்டுகிறது. அதைப் பிடித்து வைத்து, மாசி மாத வெயிலிலும் பீலியில் ஒழுக விடுபவை இந்தக் காடும் அதன் அடிவாரத்துச் சேற்று நிலமும்தான். பன்னமும் கோரைப்புல்லும் மண்டிய அந்த இடத்தைப் பாழ்நிலம் என்று நினைத்துக் குப்பை கொட்டுகிறோம். பிறகு பீலியில் தண்ணீர் வரவில்லை என்று தோட்டத்தோடு சண்டை பிடிக்கிறோம்.

அப்படியொரு காட்டுத் துண்டுக்கு நாங்கள் போன நடையில் முன்னால் போனவர் பிள்ளைகளின் அப்பாயி. புறப்படுமுன் சவர்க்காரத்தைத் தண்ணீர் தொடாமல் பிள்ளைகளின் காலில் அழுத்தித் தேய்த்துவிட்டார், அட்டைக்கு. காட்டோரத்தில் ஏறும்போது சட்டென்று கையை உயர்த்தினார். எல்லோரும் நின்றோம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. அவர் கிளையொன்றைக் கண்ணால் காட்டிய பிறகுதான் இலைக்குள்ளே சாம்பல் நிறத்தில் குளவிக்கூடு தெரிந்தது. சத்தமில்லாமல் பின்வாங்கி வேறு வழியாகப் போனோம். கொழுந்தெடுக்கப் போய்க் குளவி கொட்டிச் செத்தவர்களின் செய்தி மலையகத்துக்குப் புதிதல்ல. எந்த நூலும் தராத பயிற்சி அவர் காதுக்கு இருந்தது.

சேற்று நிலத்தருகே மகள் குந்திக்கொண்டாள். விரல் நகத்தைவிடச் சிறிய ஒரு தவளை இலையின் மேல் தொண்டை துடிக்க உட்கார்ந்திருந்தது. இலங்கை மலைக்காட்டுப் புதர்த் தவளைகளில் பல இனங்களுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. முட்டைக்குள்ளேயே முழுத் தவளையாகி வெளியே வந்துவிடும். அதைச் சொன்னேன். அவள் கேட்டதாகத் தெரியவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்பாயி அதற்குள் மடி நிறைய வல்லாரை பறித்துவிட்டார்.

"அப்பாயி, இன்னைக்கு லீவுதானே?" என்றான் மகன்.

"காலுக்குத்தான் லீவு. கறிக்கு என்ன செய்யுறது?"

எனக்கு அவர் மேல் இரக்கம் வரவில்லை. ரசிப்பதென்றால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்பது உல்லாசப் பயணி போட்ட சட்டம். அப்பாயி பறித்துக்கொண்டே பார்க்கிறவர். ஆனால் பிள்ளைகளுக்கு, யாரும் நிறுக்காத ஒரு காலை கட்டாயம் வேண்டும். பார்த்துப் பழகாத காட்டில் அவர்களுக்குத் தெரிவது பயம் மட்டும்தான், பயந்த இடத்தை யாரும் காப்பாற்றுவதில்லை. அதன் விலையைக் கொடுப்பவை விலங்குகள். 2020இல் நல்லதண்ணிப் பக்கம் அபூர்வமான ஒரு கருஞ்சிறுத்தை கம்பிச் சுருக்கில் மாட்டி, பிறகு செத்தது. பன்றிக்கு வைக்கும் சுருக்கு சிறுத்தையென்றும் நாயென்றும் பார்ப்பதில்லை.

காசும் நேரமும் உள்ளவர்கள் நுவரெலியாவுக்குப் போகலாம். டவுனுக்குப் பக்கத்திலேயே உள்ள கல்வேஸ் லேண்ட் 1938இல் சரணாலயமாகி, 2006இல் தேசியப் பூங்கா ஆனது. 30 ஹெக்டேயர் கூட இல்லை. சின்னப் பிள்ளையும் சுற்றி வந்துவிடும். ஹோர்ட்டன் சமவெளி வட்டப் பாதை 9 கிலோமீற்றருக்குக் குறையாது, கைக்குழந்தையோடு போவோருக்கு நான் சொல்ல மாட்டேன்.

மற்றவர்கள் தை, மாசியில் மழை ஓய்ந்த ஒரு காலையில் சொந்தத் தோட்டத்து ஓடைக் கரைக்கே போங்கள். நாலைந்து பேராகப் போங்கள். பொலித்தீன் பையைக் கொண்டுபோனால் திருப்பிக் கொண்டு வாருங்கள், சுருக்குக் கம்பி கண்ணில் பட்டால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள். கொழுந்தெடுத்த பெரியவர் ஒருவரை முன்னால் விட்டு, அவர் நிற்கிற இடத்தில் எல்லோரும் நில்லுங்கள்.