மாற்றிய எஞ்சினும் மாறாத பொறுப்பும்

ஒரு காரின் எஞ்சினை இறக்கிவிட்டு, அதனிடத்தில் வேறோர் எஞ்சினை ஏற்றிவிட்டால், அது பழைய கார்தானா, அன்றி வேறொரு காரா? இவ்வினாவைப் பலர் விளையாட்டாகக் கேட்கின்றனர். கிரேக்க நாட்டு அறிஞர்கள் இதனை மெய்யாகவே கேட்டனர். தீசியஸ் என்னும் வீரனின் மரக்கலத்தை ஏதென்சு நகரத்தார் காத்து வந்தனர் என்றும், இற்றுப்போன பலகைகளை அகற்றிப் புதியன பொருத்திக்கொண்டே வந்தமையால், அது பழைய கலமே என ஒரு சாராரும், அன்று என மறு சாராரும் வழக்காடினர் என்றும் புளூட்டார்க் எழுதி வைத்துள்ளார். அவ்வழக்கு அங்கே முடிவுறவில்லை. நம் ஆசாரியர்களோ வழக்கைத் தீர்க்கும் முறையையும் சேர்த்தே நமக்கு அளித்துள்ளனர்.

உள்பொருள் எதுவாயினும் அதில் தோற்றம், அழிவு, நிலைபேறு மூன்றும் ஒருங்கே உள்ளன என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் ஐந்தாம் அத்தியாயத்தில் உமாசுவாமி ஆசாரியர் நிறுவிய கருத்து. சமந்தபத்திரர் தம் ஆப்தமீமாம்சையில் இதற்குப் பொற்குடத்தை எடுத்துக்காட்டாகக் கூறுகிறார். பொற்குடத்தை அழித்து முடி செய்கின்றனர். குடத்தை விரும்பியவன் வருந்துகிறான். முடியை விரும்பியவன் மகிழ்கிறான். பொன்னையே கருதியவன் இரண்டுமின்றி இருக்கிறான். நிகழ்ச்சி ஒன்று, மூவர் மனநிலையும் வேறு, மூன்றுக்கும் பொருளிலேயே காரணம் உண்டு. நாம் ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் இதனை வகுப்பில் கூறியபோது, “பொன் உருகும் அம்மா, நம் விருத்தாசலத்துப் பீங்கான் உருகுமா?” என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. சுட்ட பீங்கான் மீண்டும் களிமண் ஆகாது. ஆயினும் உடைந்த ஓடுகளை அரைத்துப் புதுமண்ணோடு கலந்து சுடும் வழக்கம் பீங்கான் தொழிலில் உண்டு. புத்கலம் எங்கும் போய்விடவில்லை.

இனி எடுத்துக்கொண்ட பொருளுக்கு வருவோம். வேப்பூரில் எங்கள் இல்லத்தில் ஓர் அம்பாசடர் கார் உள்ளது. 1978ஆம் ஆண்டில் எங்கள் மாமனார் வாங்கியது. அக்காலத்தில் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினுடன் வந்தது. 2003ஆம் ஆண்டில் அந்த எஞ்சின் தேய்ந்து, எண்ணெயைக் குடிக்கத் தொடங்கியமையால், அதே நிறுவனம் அம்பாசடருக்கென்றே பின்னாளில் பொருத்திய டீசல் எஞ்சின் ஒன்றை வாங்கி ஏற்றினோம். தமிழ்நாட்டில் பெட்ரோல் விலைக்கு அஞ்சி இவ்வாறு மாற்றிக்கொண்ட குடும்பங்கள் பல. 2014ஆம் ஆண்டு மே மாதத்தில் உத்தரபாராத் தொழிற்சாலையில் அம்பாசடர் உற்பத்தியே நின்றுவிட்டது. எங்கள் வண்டியோ இன்றும் நாள்தோறும் விருத்தாசலம் சென்று வருகிறது. திங்களுக்கு ஒருமுறை திருநறுங்கொண்டை அப்பாண்டைநாதரைத் தரிசிக்கவும் அதுவே எங்களைச் சுமந்து செல்கிறது.

இது மாமனார் வாங்கிய வண்டிதானா? பதிவு அலுவலகம் சேசிஸ் எண்ணைப் பார்த்து, ஆம் என்கிறது. பட்டறை மேஸ்திரி எஞ்சின் ஒலியைக் கேட்டு, இது டீசல் வண்டி, பழையதன்று என்கிறார். வீட்டுப் பெரியவர்களுக்கு இது இன்றும் ‘அப்பா கார்’. நய வாதம் கற்ற நமக்கு இம்மூன்றும் பொய்யல்ல. ஒவ்வொன்றும் ஒரு நோக்கில் மெய்.

ஆனால் இவ்விடத்தில் சொற்பொழிவாளர் சிலர் கூறும் ஓர் உவமையை நம்மால் ஏற்க இயலவில்லை. எஞ்சின் உயிர் போன்றது, வண்டி உடல் போன்றது, எஞ்சின் மாற்றம் மறுபிறப்பு போன்றது என்கின்றனர். கேட்க இனிமையாக உள்ளது; சித்தாந்தத்துக்கோ பொருந்தாது. எஞ்சினும் அஜீவமே, கூடும் அஜீவமே. கார் என்பது பரமாணுக்கள் சேர்ந்த கந்தம். கண்டிப்பாகப் பார்த்தால் அது தனித் திரவியம்கூட அன்று. அதனை ‘ஒரு வண்டி’ என்பது வியவகாரம். அங்கே நிலைபேறு உடையவை பரமாணுக்களே. எனவே அந்த வண்டியின் வாழ்நாளில் தொடர்ந்து வரும் ஜீவன் எது என்று தேடினால், அது வண்டிக்குள் இல்லை. திறவுகோலைக் கையில் வைத்திருப்பவரிடம் உள்ளது. எஞ்சினை மாற்றத் துணிந்தவரும் அவரே, மாற்றியதன் பயனுக்கு உரியவரும் அவரே. கார் அதேதானா என்ற வினாவைவிட, அதனை ஓட்டும் நம் கடமை யாது என்ற வினாவே இல்லறத்தாருக்கு உரியது என நாம் கருதுகிறோம்.

அக்கடமையின் முதற்பகுதி பிரமாதம் இன்மை, அதாவது சோர்வின்மை. கவனமின்மையால் உயிர்க்கு ஊறு செய்தல் இம்சை என்பது தத்துவார்த்த சூத்திரம் தரும் இலக்கணம். அமிருதசந்திரர் புருஷார்த்த சித்தியுபாயத்தில் இன்னும் ஒரு படி சென்று, சோர்வுடையவன் செயலால் உயிர் மடிந்தாலும் மடியாவிட்டாலும் அவனுக்கு இம்சை உண்டு என்கிறார். பிரேக் தேய்ந்திருப்பதை அறிந்தும் வண்டியை எடுத்தவர், வழியில் ஒன்றும் நேராமல் வீடு திரும்பினாலும், குற்றமற்றவர் அல்லர். வேப்பூர் வாசிகளுக்கு இதனை விளக்கத் தேவையில்லை. வெள்ளிதோறும் எங்கள் ஊரில் ஆட்டுச் சந்தை கூடுகிறது. அந்த ஆடுகள் எதற்காக வருகின்றன என்பதை எண்ணினால் நம் நெஞ்சு பொறுப்பதில்லை. அது வேறு கட்டுரைக்கு உரியது. சென்னை - திருச்சி நெடுஞ்சாலையின் ஓரத்தில் அன்று விடியற்காலையில் ஆடுகளும் மனிதரும் வண்டிகளும் நெருங்கிக் கலந்து நிற்பர். ஆகவே எங்கள் இல்லத்தில் வியாழன் மாலையே பிரேக் ஆயிலின் அளவும், மிதியின் ஆழமும் பார்க்கப்படும். துறவியர் நான்கு முழ நிலம் நோக்கி நடப்பதை ஈரியா சமிதி என்கிறோம். நான்கு சக்கரத்தில் செல்வோருக்கும் அதன் நிழலேனும் வேண்டாமா? மழைக்கால இரவுகளில் முகப்பு விளக்கை நாடி வந்து மடியும் பூச்சிகளை எண்ணி, சாதுர்மாசத்தில் இருட்டிய பின் வண்டி எடுப்பதில்லை என்றொரு சிறு நியமத்தையும் கொண்டுள்ளோம்.

எஞ்சின் மாற்றிய வண்டி, மாற்றாத வண்டியைவிட ஏன் மிகுந்த கவனத்தைக் கோருகிறது? இருபது ஆண்டுக்கு மேலான பழக்கத்தில் நாம் கண்டது இது: எஞ்சின் தானாகக் கெடுவது குறைவு, கெடுவதெல்லாம் பழையதும் புதியதும் சந்திக்கும் இடங்களே. டீசல் எஞ்சின் எடை மிக்கது, அதிர்வும் மிக்கது. பெட்ரோல் எஞ்சினுக்காக அமைந்த தாங்கிகளில் அதனை அமர்த்தும்போது மவுண்டிங் ரப்பர் விரைவில் நைந்துவிடும். அது நைந்தால் எஞ்சின் ஆடும். எஞ்சின் ஆடினால் புகைக்குழாயின் இணைப்பு விரியும், ரேடியேட்டர் ஹோஸ் இழுபடும், ஒயர்கள் உரசி மேலுறை உரியும். முன்பக்கத்து எடை கூடியதால் முன் சக்கரங்களைத் தாங்கும் முறுக்குக் கம்பிகள் சற்றே தளர்ந்து வண்டி தாழும். அதனைச் சரிசெய்யாது விட்டால் டயர்கள் ஒருபுறமாகத் தேயும். டீசல் எஞ்சினில் மிஞ்சிய எரிபொருள் டாங்கிக்குத் திரும்பிச் செல்லத் தனிக் குழாய் வேண்டும். பெட்ரோல் வண்டியில் அது இருந்ததில்லை. புதிதாக இழுத்த அக்குழாய் எங்கெங்கே கட்டப்பட்டுள்ளது, எங்கே உராய்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பழைய டாங்கியின் உள்துரு உதிர்ந்து டீசல் பில்டரை அடைக்கும். குளிர்ந்த காலையில் எஞ்சினைக் கிளப்ப ஹீட்டர் பிளக்கும், வலிமையான பாட்டரியும் வேண்டும். பெட்ரோல் காலத்துப் பாட்டரி அதற்குப் போதாது. இவற்றுள் ஒன்றும் பெரிய வேலை அன்று. ஆனால் ஒன்றை விட்டால் அது மற்றொன்றைக் கெடுக்கும். வழியில் நின்றுபோகும் பழைய வண்டிகளில் பல, வயதால் நிற்பவை அல்ல. இருபது ரூபாய்க் கவ்வி ஒன்றை ஒருவர் முறுக்காமல் விட்டதால் நிற்பவை.

இன்னொரு தொல்லையும் உண்டு. நிறுவனம் அச்சிட்ட கையேடு எதுவும் இத்தகைய வண்டிக்குப் பொருந்தாது. பெட்ரோல் வண்டியின் கையேடு எஞ்சினைப் பற்றிப் பொய்யாகும். டீசல் வண்டியின் கையேடு மற்றவற்றைப் பற்றிப் பொய்யாகும். எனவே ஒரு குயர் நோட்டில் நாமே எழுதத் தொடங்கினோம். எந்த பெல்ட் என்ன அளவு, ஹோஸ் எந்த வண்டியினது, கிளட்ச் தட்டு எப்போது மாற்றியது, எண்ணெய் எத்தனை கிலோமீட்டரில் மாற்றியது என அனைத்தும் அதில் உள்ளன. பாடக்குறிப்பு எழுதிப் பழகிய கைக்கு அது பாரமாக இல்லை. முன்பின் அறியாத ஒரு மெக்கானிக் அதனைப் படித்தவுடன் வேலையைத் தொடங்க முடிகிறது. உள்ளதை உள்ளபடி எழுதி வைப்பதும் வாய்மையின் ஒரு பகுதிதானே!

இனி, பலரும் எண்ணிப் பாராத பகுதிக்கு வருகிறோம். கள்ளாமை என்னும் அணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்கள் கூறப்பட்டுள்ளன: பிறரைத் திருடத் தூண்டல், திருடி வந்ததை வாங்குதல், அரசின் நெறியைக் கடத்தல், அளவைகளைக் கூட்டியும் குறைத்தும் ஏமாற்றல், போலியை மெய்ப்பொருளாக விற்றல். ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுப் பழமை உடைய இப்பட்டியல், பழைய உதிரிப்பாகக் கடையின் வாயிலில் நின்று எழுதியது போல் உள்ளது. 2003இல் எஞ்சின் தேடியபோது, ஒரு கடையில் நல்ல எஞ்சின் ஒன்றைப் பாதி விலைக்குத் தருவதாகக் கூறினர்; ரசீது மட்டும் தர இயலாது என்றனர். எண் பொறித்த இடமும் தேய்க்கப்பட்டிருந்தது. அது எந்த வீட்டு வாசலிலிருந்து வந்ததோ! எங்கள் இல்லத்தார் அதனை வாங்கவில்லை. ஏழு வாரங்கள் பேருந்தில் சென்றனர். பின்னர்ப் பழைய டாக்சி ஒன்றின் எஞ்சின், அதன் உரிமையாளர் கையொப்பமிட்ட தாளுடன் கிடைத்தது.

அரசின் நெறியும் தெளிவானதே. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, எஞ்சினை மாற்றியவர் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்கு அறிவித்து, பதிவுச் சான்றில் திருத்தம் பெற வேண்டும் என்கிறது. “யார் பார்க்கப் போகிறார்கள்?” என்று கேட்பவர் உண்டு. விபத்து நேர்ந்த அன்று காப்பீட்டு நிறுவனம் பார்க்கும். அடிபட்டவர் ஓர் ஏழையாக இருந்து, எண் பொருந்தவில்லை என்ற வழக்கினால் அவருக்கு வரவேண்டிய இழப்பீடு தாமதமானால், அந்தப் பாவம் எழுத்தர் கணக்கில் சேருமா, நம் கணக்கில் சேருமா? போலி உதிரிப்பாகமும் இவ்வாறே. உற்பத்தி நின்றுபோன வண்டிக்கு உண்மையான பாகம் அரிது. நிறுவனத்தின் பெயரை அச்சிட்ட போலி எளிது. பிரேக்குக்கு உரிய ரப்பர் வாஷர்களில் மட்டுமேனும் சிக்கனம் பார்க்கலாகாது.

இவ்வளவு பாடுபட்டுப் பழைய வண்டியை வைத்திருப்பது அறமா, அன்றிப் பற்றா? இதுவே எம்மை மிகவும் உறுத்தும் வினா. மிகுபொருள் விரும்பாமையைப் பேசுவோர், இருப்பதைக் கொண்டு வாழ்தல் நன்று, புதியது வாங்கினால் இரும்பும் நிலக்கரியும் சுரங்கமும் எத்தனை ஆரம்பம் என்பர். உண்மையே. ஆயினும் பரிக்கிரகம் என்பது பொருளின் எண்ணிக்கை அன்று, மூர்ச்சை என்னும் மயக்கமே எனச் சூத்திரம் கூறுகிறது. ஒரே ஒரு பழைய வண்டியிடம் கொள்ளும் மயக்கமும் மயக்கமே. ‘அப்பா கார்’ என்ற சொல்லில் அது ஒளிந்திருக்கலாம்.

மேலும் புகை உண்டு. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012ஆம் ஆண்டில் உறுதியாக வகைப்படுத்தியது. 2015ஆம் ஆண்டில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தில்லியில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகள் ஓடக்கூடாது என ஆணையிட்டது. தமிழ்நாட்டில் அத்தகைய தடை இல்லை. தடை இல்லாமை பாவம் இல்லாமை ஆகாது. எங்கள் வண்டியில் எவ்வளவு கவனமாக இன்ஜெக்டர்களைச் சோதித்தாலும், இக்காலத்துப் புதிய கார் விடும் புகையின் அளவுக்கு அது இறங்காது. கழித்த எண்ணெய் மற்றொரு சிக்கல். கதவு நிலைகளில் கரையான் வராமலிருக்கப் பூசலாமே என்று பட்டறையில் அன்போடு கொடுத்து அனுப்புவர், கரையானும் உயிரன்றோ? மண்ணில் ஊற்றுவதும் ஆகாது. தகரக் கலனில் சேர்த்து, மறுசுத்திகரிப்புக்கு வாங்குவோரிடம் கொடுக்கிறோம்.

சென்ற ஆண்டு சென்னையிலிருந்து ஒருவர் வந்து வண்டியை நல்ல விலைக்குக் கேட்டார். பழைய பெட்ரோல் எஞ்சின் ஒன்றைத் தேடி வைத்து, ‘அசல்’ வண்டி என்று கண்காட்சியில் நிறுத்தப் போவதாகச் சொன்னார். இளையோர் கொடுத்துவிடலாம் என்றனர். நாம் நோட்டைக் காட்டி, மாற்றம் அனைத்தையும் சொல்லி, அதனையும் வண்டியோடு வாங்கி, கேட்போருக்குக் காட்ட வேண்டும் என்று மட்டும் கேட்டோம். நோட்டு வேண்டாம் என்றார். வணிகம் முடியவில்லை. இளையோருக்கு எம்மீது இன்னும் சற்று வருத்தம் உண்டு. அவ்வருத்தத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. புகை விடும் வண்டி ஓடாமல் கண்காட்சியில் நின்றிருந்தால் காற்றுக்கு நன்மைதானே என்கின்றனர். அதற்கு எம்மிடம் முழுமையான விடை இல்லை.

ஒரு முடிவுக்கு மட்டும் வந்துள்ளோம். பதினைந்து ஆண்டு கடந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். எங்களுக்கு அது 2028இல் வருகிறது. அதுவரை நாள்தோறும் ஓட்டுவதை விடுத்து, முதியோரையும் நோயுற்றோரையும் ஏற்றிச் செல்லவும் கோயிலுக்கும் மட்டும் எடுப்பது. விருத்தாசலத்துக்குப் பேருந்தில் செல்வது. அவ்வாண்டில் புகைச் சோதனையில் எவரிடமும் சொல்லாமலும் கொடுக்காமலும் தேறினால் புதுப்பிப்பது. தேறாவிடின், 2021ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவு பெற்ற வாகன அழிப்பு நிலையத்தில் ஒப்படைத்துச் சான்று பெற்றுக்கொள்வது. நோட்டை மட்டும் பட்டறை மேஸ்திரி கேட்டிருக்கிறார். வட்டாரத்தில் இவ்வாறு எஞ்சின் மாற்றிய அம்பாசடர்கள் இன்னும் சில ஓடுகின்றனவாம். அவற்றுக்கு உதவும் என்கிறார். படி எடுத்து முன்னரே கொடுத்துவிட்டோம்.