மறைவும் மெய்ம்மையும்: அலுவிகாரை ஏடுகள் முதல் கணினித் திரை வரை

உள்ளதை உள்ளவாறு காட்டுதலே மெய்ம்மை என்பது பலரும் உடன்படும் கருத்தாகும். மறைத்தலைப் பொய்ம்மைக்கு உறவாகக் கருதுவதும் இக்கருத்தின் வழிப்பட்டதே. ஆயினும் மனிதனின் ஆக்கத்தொழில்களை நோக்குமிடத்து அவற்றுள் மறைவு இன்றி நிறைவெய்துவது எதுவுமில்லை எனலாம். கோயிற் சிற்பத்தின் கண் திறக்கப்படும்வரை அது வழிபடுவோர் பார்வைக்கு வருவதில்லை. பௌத்த விகாரைகளிலும் திருவுருவத்தின் கண்ணை எழுதும் சடங்கு மக்கள் பார்வைக்கு அப்பாலேயே நிகழும். இவற்றை எவரும் வஞ்சகம் என்று சொல்வதில்லை. அவ்வாறாயின், முடிந்ததை மட்டும் காட்டி முடியாததை மறைத்தல் எப்போது நேர்மையாகும், எப்போது வஞ்சனையாகும் என்னும் வினா எழுகின்றது. பழைமையான வினாவாயினும், அண்மைக்காலத்துத் தொழில்நுட்பமொன்று இதனைக் கூர்மையாக்கித் தந்துள்ளது. சிறு கணினிகளின் திரைக்கென எழுதப்படும் வரைகலை இயக்கி மென்பொருளே அதுவாகும்.

மருத்துவமனையில் நோயாளியின் படுக்கையருகே நிற்கும் கருவியிலும், வாகனத்தின் வேகங்காட்டியிலும், ஆலைப் பொறிகளிலும் சிறு கணினிகள் பதிக்கப்பட்டுள்ளன. இவற்றின் திரையிற் காணப்படும் படம் நினைவகத்தின் ஒரு பகுதியில் எண்களாக இருக்கின்றது. திரையை நடத்தும் பொறி அப்பகுதியை மேலிருந்து கீழாக, வரிவரியாக, நொடிக்கு ஏறத்தாழ 60 தடவை படித்து ஒளியாக்குகின்றது. படத்தை வரையும் நிரலும் அதே பகுதியிலேயே எழுதுகின்றது. எழுதுவோனும் படிப்போனும் ஒரே ஏட்டின்மீது ஒரே வேளையில் குனிந்திருக்கும் நிலை இது.

இதனால் விளையும் கேட்டை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். திரையில் 199 என்னும் எண் இருக்கின்றது. அது 200 ஆக மாறவேண்டும். நிரல் இடமிருந்து வலமாக இலக்கங்களை மாற்றுகின்றது எனக் கொள்வோம். முதலிலக்கம் மட்டும் மாறிய கணத்தில் திரைப்பொறி அதனைப் படித்துவிட்டால், காண்போன் கண்ணுக்குத் தோன்றுவது 299 ஆகும். அதிலுள்ள 2 புதிய உண்மையின் கூறு. இரு ஒன்பதுகளும் பழைய உண்மையின் கூறுகள். பொய்யான இலக்கம் ஒன்றேனும் அங்கில்லை. எண் மட்டும் பொய். அஃது எக்காலத்தும் இருந்ததில்லை, இருக்கப்போவதுமில்லை. உண்மையின் துண்டுகளைச் சேர்த்தால் உண்மை கிடைக்கும் என்னும் நம்பிக்கை இவ்விடத்து உடைந்துபோகின்றது. அந்த எண் ஒரு நோயாளியின் குருதி அழுத்தமாக இருப்பின், இது வெறும் தருக்கப் புதிராக நின்றுவிடாது என்பது சொல்லாமலே விளங்கும்.

இக்கேட்டினை நீக்க நிரலாளர் கண்ட வழியே இரட்டை இடைநினைவகம் என்பது. படத்துக்கென ஒன்றுக்குப் பதிலாக இரண்டு பகுதிகள் ஒதுக்கப்படுகின்றன. முன்னது காட்டப்படும், பின்னது வரையப்படும். பின்னதில் படம் முழுமை பெற்றபின்னரே இரண்டும் இடம் மாறுகின்றன. அம்மாற்றமும் நினைத்த கணத்தில் நிகழ்வதன்று. திரைப்பொறி கடைசி வரியைப் படித்து முடித்து, மீண்டும் முதல் வரிக்குத் திரும்பும் சிறு இடைவேளை ஒன்றுண்டு. பழைய தொலைக்காட்சிக் குழாய்களில் மின்னணுக் கற்றை கீழிருந்து மேலே மீள்வதற்கென விடப்பட்ட இடைவேளையின் எச்சம் அது. அவ்வேளையில் மாற்றினால் காண்போன் எப்போதும் முழுப்படம் ஒன்றையே காண்பான். பாதி பழையதும் பாதி புதியதுமான கலவையை ஒருபோதும் காணான்.

இந்த நேர்மைக்கு விலையுமுண்டு. குறுக்காக 320, நெடுக்காக 240 புள்ளிகள் கொண்ட சிறு திரையொன்றில் புள்ளிக்கு 2 பைட்டு வீதம் 1,53,600 பைட்டுகள் வேண்டும். இரண்டு படங்களுக்கு 3,07,200 பைட்டுகள். இத்தகைய திரையோடு பயிலப்படும் எஸ்.டி.எம். 32 எஃப் 429 என்னும் சில்லின் உள்நினைவகம் 256 கிலோபைட்டு, அஃதாவது 2,62,144 பைட்டுகளே. ஒரு படம் அதனுள் அடங்கும், இரண்டு அடங்கா. ஆகவே வெளியே தனியாக ஒரு நினைவகச் சில்லைப் பொருத்தவேண்டியுள்ளது. காண்போனுக்கு அரைகுறையைக் காட்டாதிருத்தல் என்னும் ஒரே நோக்கத்துக்காக இருமடங்கு இடம் செலவிடப்படுகின்றது.

இதே சிக்கலை வேறோர் உருவில் எதிர்கொண்ட இடமாக அலுவிகாரையைக் கருதலாம். மாத்தளை நகருக்கு வடக்கே ஏறத்தாழ 3 கிலோமீற்றர் தொலைவில், கண்டி – யாழ்ப்பாணப் பெருவீதியின் அருகே, பாறைக் குகைகளிடையே அமைந்துள்ளது அவ்விகாரை. வட்டகாமணி அபயன் என்னும் வலகம்பா மன்னன் காலத்தில், கி.மு. முதலாம் நூற்றாண்டில், அதுவரை வாய்மொழியாக வழங்கிவந்த பாளித் திரிபிடகம் எழுத்தில் வடிக்கப்பட்டதை மகாவம்சம் குறிப்பிடுகின்றது. அது நிகழ்ந்த இடம் அலுவிகாரையே என்பது பிற்காலத்து மரபு.

அக்காலம் அமைதியானதன்று. கி.மு. 103 இல் ஆட்சியிழந்த வட்டகாமணி, அநுராதபுரத்தைத் தமிழர் ஐவர் அடுத்தடுத்து ஆண்ட 14 ஆண்டுகளும் மறைந்து வாழ்ந்து, கி.மு. 89 இல் மீண்டும் அரியணை ஏறினான். அவ்விடைக்காலத்திலே கொடிய பஞ்சமும் நேர்ந்தது, துறவிகள் பலர் மாண்டனர், பலர் கடல்கடந்தனர். மகாநித்தேசம் என்னும் பகுதியை மனனஞ் செய்தவர் ஒருவரே எஞ்சினார் என்றும், அவரோ ஒழுக்கங் குன்றியவர் என்றும், அதனால் தயங்கிய கற்றறிந்த தேரர் ஒருவர் மூத்தோர் வற்புறுத்தலின்பேரில் அவரிடமே சென்று அதனைக் கற்றார் என்றும் விநய உரை கூறுகின்றது. ஒரு பெரும் மரபு முழுவதும் ஒரே நினைவகத்தில், அதுவும் நம்பத்தகாத நினைவகத்தில், தங்கியிருந்த கணம் அது. இரண்டாவது படி ஒன்று வேண்டும் என்னும் எண்ணம் அறிவுத்துறையில் மட்டும் தோன்றியதன்று; அச்சத்தினின்றும் தோன்றியது.

ஓலையில் எழுதும் முறையும் ஈண்டு நோக்கத்தக்கது. தாளிப்பனையின் குருத்தோலையை வேகவைத்து, உலர்த்தி, மெருகிட்டு, எழுத்தாணியாற் கீறுவர். கீறிய எழுத்து உடனே கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. கரியும் எண்ணெயும் சேர்ந்த மையைத் தடவி, மேற்பரப்பைத் துடைத்துவிட்ட பின்னரே கீறல்களுள் மை தங்கி எழுத்துக்கள் துலங்கும். எழுதுதல் ஒரு செயல். காட்டுதல் வேறொரு செயல். இவ்விரண்டுக்கும் இடையே ஓர் எல்லைக்கோடு இருக்கவேண்டும் என்பதை நிரலாளர் எண்களால் நிறுவினர். ஏடெழுதுவோர் மையால் நிறுவியிருந்தனர். அலுவிகாரைக்குச் செல்வோர் இன்றும் இம்முறையினைக் கண்முன்னே செய்துகாட்டக் காணலாம்.

இதுவரை கூறியவற்றால் மறைத்தல் என்றும் நன்றே என்னும் முடிவுக்கு வருதல் பொருந்தாது. இரட்டை இடைநினைவகத்தின் உள்ளேயே அதன் ஆபத்துக்களும் பொதிந்துள்ளன.

முதலாவது, பின்தங்குதல். முன்னதும் பின்னதும் இடம் மாறியதும், இப்போது பின்னால் வந்துள்ள பகுதி வெறுமையாக இருப்பதில்லை. ஒரு படி பழைய படம் அதிலிருக்கின்றது. நிரல் முழுப்படத்தையும் மீள வரையாது மாறிய இடத்தை மட்டும் திருத்தினால், முந்திய சுற்றில் நேர்ந்த மாற்றங்கள் அதில் இடம்பெறாமற் போகும். அடுத்த மாற்றத்தின்போது மறைந்த பழைமை மீண்டும் திரையில் மின்னும், அதற்கடுத்து மறையும், மீண்டும் மின்னும். மறைவிற் பணிபுரிவோர் யாவர்க்கும் இஃது ஓர் எச்சரிக்கையாகும். மூடிய அறையில் மாதக்கணக்காக ஆராயும் ஆணைக்குழுவோ பாடத்திட்டக் குழுவோ, வெளியே இதற்கிடையில் நிகழ்ந்தவற்றைத் தன் வரைவில் ஏற்றிக்கொள்ளாதுவிடின், முழுமை வாய்ந்த ஆனால் காலங்கடந்த ஒன்றையே உலகுக்குத் தரும்.

இரண்டாவது ஆபத்து இதனினும் கொடியது. வரையும் நிரல் இடையில் நின்றுபோகின்றது எனக் கொள்வோம். திரை கறுத்துப்போகாது. திரைப்பொறி தன் கடமையில் வழுவாது, கடைசியாக நிறைவெய்திய படத்தை நொடிக்கு 60 தடவை காட்டிக்கொண்டேயிருக்கும். அந்தப் படத்தில் பிழையேதுமில்லை. வரையப்பட்ட வேளையில் அது மெய்யே. ஆயினும் நோயாளியின் நாடித்துடிப்பு 72 என்று அது கூறிக்கொண்டிருக்கையில் நாடி நின்றுபோயிருக்கலாம். அரைகுறைப் படம் தன் குறையைத் தானே வெளிப்படுத்திவிடும், காண்போன் ஐயுறுவான். முழுமையான படமோ ஐயத்துக்கு இடந்தராது ஏமாற்றும். கலவைப் பொய்யை நீக்குதற்குக் கைக்கொண்ட அதே முழுமை, பழைமைப் பொய்யை மறைக்கும் போர்வையாகிவிடுகின்றது.

ஆதலின் பொறுப்புணர்ந்த நிரலாளர் காவல் கடிகை ஒன்றையும் அமைப்பர். நிரல் குறித்த கால எல்லைக்குள் தான் இயங்குவதை உணர்த்தாவிடின், அக்கடிகை கணினியை மீளத் தொடக்கும். படம் எப்போது வரையப்பட்டது என்பதைக் காட்டும் குறியொன்றைத் திரையிலும் வைக்கலாம். முடிந்ததைக் காட்டுதல் மட்டும் போதாது; அது எப்போது முடிந்தது என்பதையும், அதன்பின் பணி நடைபெறுகின்றதா என்பதையும் காண்போன் அறியும் வழி இருக்கவேண்டும்.

ஏட்டு மரபிலும் இவ்வறத்துக்குச் சான்றுண்டு. சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பழந்தமிழ் நூல்களை அச்சேற்றியபோது, ஒன்றோடொன்று மாறுபடும் ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கினர். சீவக சிந்தாமணியைச் சாமிநாதையர் 1887 இல் வெளியிட்டார். பின்வந்த தம் பதிப்புக்களில் ஏடுகளுக்கிடையேயான பாடவேறுபாடுகளையும் அவர் அடிக்குறிப்பிற் காட்டினார். மூலம் முழுமையாக, தெளிவாக மேலே நிற்கும். அது எவ்வாறு தெரிந்தெடுக்கப்பட்டது என்பதற்கான தடயம் கீழே நிற்கும். கற்போன் குழப்பமின்றிக் கற்கலாம், ஐயுறுவோன் சரிபார்க்கலாம். மறைவையும் திறப்பையும் பகையாக்காமல் ஒரே பக்கத்தில் அமர்த்திய முறை அது.

படிகளை அழித்துவிடுவோர்க்கு அலுவிகாரையின் பிற்கால வரலாறே விடையாகும். 1848 இல் மாத்தளையில் எழுந்த கிளர்ச்சியைப் பிரித்தானியர் அடக்கியபோது அவ்விகாரையின் பழைய ஏடுகள் அழிந்தன. எனினும் திரிபிடகம் அழியவில்லை. பத்தொன்பது நூற்றாண்டுகளாக அது படிக்குப் படி பெயர்க்கப்பட்டு, இலங்கையின் பிற விகாரைகளிலும் பர்மாவிலும் சீயத்திலும் பரவியிருந்தது. ஓரிடத்தில் மறைத்து எழுதப்பட்டது, எழுதி முடிந்தபின் பலரறியப் பகிரப்பட்டமையாலேயே தப்பியது. எழுதியோர் அதனை ஒரே குகையிற் பூட்டிவைத்திருப்பின் 1848 ஆம் ஆண்டே அதன் முடிவாகியிருக்கும்.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை காண்டல் கூடும். மறைவின் நேர்மையை மறைத்தல் என்னும் செயலைக்கொண்டு அளத்தல் பொருந்தாது. அது யாருக்காக, எவ்வளவு காலத்துக்கு என்பவற்றைக்கொண்டே அளத்தல் வேண்டும். காண்போனைப் பிழையான கலவையிலிருந்து காப்பதற்காக மறைத்தல் அறமாகும். மறைப்போன் தன் பிழையைக் காத்துக்கொள்வதற்காக மறைத்தல் வஞ்சமாகும். முன்னதற்கு முடிவுக்காலம் உண்டு; பணி நிறைவுற்றதும், உரிய இடைவேளையில், அது தன்னைத் திறந்து காட்டும். பின்னதற்கு அத்தகைய வேளை ஒருபோதும் வாய்ப்பதில்லை. இன்னும் முடியவில்லை என்னும் சாக்கு என்றும் ஆயத்தமாக இருக்கும். பிறர்க்குத் தீங்கு பயவாமையை வாய்மையின் இலக்கணமாக வைத்த வள்ளுவரின் நெறியும், சொல்லின் வடிவத்தை நோக்காது அதன் விளைவையே நோக்குவதாகும்.

சின்னஞ்சிறு திரையொன்றுக்கு நிரலெழுதுவோன் இவற்றையெல்லாம் எண்ணியே எழுதுகின்றான் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் 199 க்கும் 200 க்கும் இடையில் 299 ஐ ஒருவரும் காணலாகாது என்று அவன் துணியும்போதும், நின்றுபோன படத்தை நடப்பதுபோற் காட்டலாகாது என்று காவல் வைக்கும்போதும், மெய்ம்மை பற்றிய முடிவுகளையே எடுக்கின்றான். திரையைப் பார்த்து மருந்தின் அளவை முடிவு செய்பவர் அந்த நிரலாளனை ஒருபோதும் காணப்போவதில்லை. ஆயினும் அவன் எடுத்த முடிவுகளை நம்பியே அவர் தம் கையை நீட்டுகின்றார்.